ஒரே மண்ணின் பிள்ளைகள்

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:7, 19, யோபு 12:7-10, அப்போஸ்தலர் 17:26





நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்றொரு பாடம் உண்டு. அதைப் படித்துவிட்டு வீட்டில் கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு, நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே மறுமொழிதான் கிடைக்கிறது: “தேர்வில் எழுதிவிடு, ஆனால் நம்பாதே.”

விசுவாசத்தைக் காக்கும் நோக்கத்தோடுதான் பெற்றோர் இவ்வாறு சொல்கிறார்கள். ஆயினும் இம்மறுமொழி பிள்ளைக்குக் கற்பிப்பது என்ன? கை எழுதுவதற்கும் உள்ளம் ஏற்பதற்கும் தொடர்பு வேண்டியதில்லை என்பதையே. ஒளிவுமறைவற்ற ஒரே சொல் போதும் என்று மலைப்பிரசங்கத்தில் கற்பித்தவருடைய பெயரால் நாம் இரட்டை நாவைப் பழக்குகிறோம். அப்பிள்ளை மலையிறங்கி வேலூருக்கோ சென்னைக்கோ கல்லூரிக்குப் போகும் நாள் வரும். ‘வேதமா, அறிவியலா, இரண்டில் ஒன்றுதான்’ என்று நாமே சொல்லி அனுப்பியிருந்தால், ஆய்வகத்தில் தன் கண்ணால் கண்டதை அது மறுக்க முடியாமல் சபையை விட்டு விலகும். அந்த இழப்புக்குக் காரணம் அறிவியல் அன்று. நாம் வைத்த தவறான நிபந்தனையே.

2023-ஆம் ஆண்டு என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. அப்போது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையொப்பமிட்டார்கள். பாடநூலில் ஒரு பகுதியை நீக்கலாம். உண்மையை நீக்க இயலாது. உயிர்கள் யாவும் பொதுவான முன்னோரிடமிருந்து கிளைத்து வந்தவை என்பதை ஒரு கிறிஸ்தவர் அச்சமின்றி ஏற்கலாம் என்பதே இவ்வாரச் சிந்தனையின் பொருள். அதனை நன்றியோடும் ஏற்கலாம் என்பேன்.

மிருகங்களிடம் கேட்போம்

மிருகங்களையும் பறவைகளையும் கேட்டுப்பார், பூமியோடு பேசிப்பார், அவை உனக்குக் கற்பிக்கும் என்று யோபு தன் நண்பர்களுக்குச் சொல்கிறான். அந்த அழைப்பை ஏற்று, நம் மலைகளிலிருந்தே கேட்கத் தொடங்குவோம்.

ஏற்காட்டுப் பாறைகளில் ஒரு சிறு பல்லி வாழ்கிறது. வீட்டுப் பல்லியைப்போல இரவில் அன்று, பகலில் இரை தேடுவது. அதன் கண்மணி வட்டமானது. அறிவியலாளர் 2000-ஆம் ஆண்டில் அதற்கு ஏற்காட்டின் பெயரையே சூட்டினார்கள். பின்னர் 2022-இல் இஷான் அகர்வால், தேஜஸ் தாக்கரே, அக்‌ஷய் கண்டேகர் ஆகியோர் சேர்வராயன் மலைகளைச் சார்ந்த நிலப்பரப்பில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து புதிய இனங்களை விவரித்தார்கள். ஒவ்வொன்றும் மிகச் சிறிய பரப்பில் மட்டுமே வாழ்வது. செதில்களின் எண்ணிக்கையிலும் உடற்புள்ளிகளிலும் மரபணுவிலும் அவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஆயினும் நெருங்கிய உறவு விளங்கித் தெரிகிறது.

இது எவ்வாறு நேர்ந்தது? குளிர்ந்த பாறை நிழலில் வாழும் சிறு உயிருக்கு, மலைகளுக்கு இடையே கிடக்கும் வெப்பமான சமவெளி கடலுக்கு ஒப்பானது. ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த கூட்டம் மலைவாரியாகப் பிரிந்துவிட்டால், ஒன்றில் தோன்றும் மாற்றம் மற்றொன்றைச் சேராது. தலைமுறை தலைமுறையாகச் சிறு மாற்றங்கள் சேர்ந்து, இறுதியில் அவை தனித்தனி இனங்களாகின்றன.

நம் மலைமக்களுக்கு இச்செய்தி புதிதன்று. ஜவ்வாது மலை முதல் கொல்லிமலை வரை வாழும் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று சகோதரர் புறப்பட்டு, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்பது சேலம் பகுதியில் வழங்கும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலும் அக்கதை பதிவாகியுள்ளது. மலைக்கு மலை வழக்கங்கள் மாறியிருக்கின்றன, பிறப்போ ஒன்று. மாற்றமும் உறவும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதை இக்கதை நமக்கு எளிதாக உணர்த்துகிறது. பல்லிகளின் வரலாறும் அத்தகையதே. காலம் மட்டும் மிக நீண்டது.

பூமியையும் கேட்போம். நம் மலையின் சாமை ஒரு காலத்தில் காட்டுப்புல்லாக இருந்தது. காட்டுப்புல் முற்றியதும் தன் மணிகளை உதிர்த்துவிடும். அதுவே அதற்கு நலம். உதிராமல் மணியைப் பிடித்துக்கொண்டிருந்த கதிர்களே அறுத்தவர் கைக்கு மிகுதியாக வந்தன; அவையே மறு ஆண்டு விதையாயின. அவ்வாறு எண்ணற்ற பருவங்கள் கடந்தபின் காட்டுப்புல் பயிராயிற்று. விதைக்கென்று நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து வைக்கும் ஒவ்வொரு தாயும், தெரிவு என்பது ஓர் உயிரை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதை அறிந்தவள். மனிதன் கைபடாமலும் இத்தெரிவு இயற்கையில் ஓயாது நிகழ்கிறது என்பதையே டார்வின் 1859-இல் எடுத்துரைத்தார்.

ஓலையில் கண்ட ஒரே பிழை

“தேவன் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பல்லியைத் தனியே படைத்திருக்கலாகாதா?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு மறுமொழி நம் உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் நெல்லிக்காய் தேவையில்லை. வைட்டமின் சி-யை அவற்றின் ஈரலே உண்டாக்கிக்கொள்ளும். மனிதரால் அது முடியாது. கனியிலும் காயிலும் கீரையிலும்தான் நாம் அதைப் பெறவேண்டும். நெடுங்காலம் அது கிடைக்காவிட்டால் ஈறு வீங்கிக் குருதி கசியும். ஆனால் அதை உண்டாக்கும் கடைசிப் படிக்கு உரிய மரபணு நம்மிடம் அடியோடு இல்லாமற்போகவில்லை. பாழடைந்த வீட்டின் அடித்தளம்போல, சிதைந்த நிலையில் நம் ஒவ்வோர் அணுவிலும் அது கிடக்கிறது. மலைப்பாதை ஓரத்தில் நம் கைப்பொருளைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்கிடத்திலும் அது சிதைந்தே கிடக்கிறது. மனிதக் குரங்குகளிடத்திலும் அவ்வாறே. அதிலும், பல சிதைவுகள் நம்மிடத்திலும் அவற்றிடத்திலும் அதே இடங்களில் காணப்படுகின்றன.

பழைய ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கும் அறிஞர்கள் பின்பற்றும் முறை ஒன்று உண்டு. இரண்டு ஏடுகளில் சரியான சொற்கள் ஒத்திருப்பது பெரிதன்று. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று அவர்கள் துணிவார்கள். நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளையும் இம்முறையாலேயே குடும்பம் குடும்பமாக வகுத்திருக்கிறார்கள். வேதத்தின் பிரதிகளை ஆராயும்போது நாம் ஏற்கும் சான்றை, நம் உடலின் பிரதியில் காணும்போது மறுப்பது நேர்மையாகாது. ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே வனைந்த தேவன், பயன்படாத ஒரு மரபணுவை ஒரே விதமாக உடைத்து இருவரிடத்திலும் வைத்தார் என்று சொல்வதைவிட, இருவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று சொல்வதே அவருடைய உண்மைக்கும் ஏற்றது.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். ‘குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான் என்றால் குரங்கு இன்னும் ஏன் இருக்கிறது?’ என்ற கேள்வி நம் பிரசங்க மேடைகளிலும் ஒலிக்கிறது. என் சிற்றப்பாவின் மகன் எனக்குப் பாட்டன் அல்லன். அவனுக்கும் எனக்கும் பாட்டன் ஒருவர். இன்றைய குரங்கும் அவ்வாறே நமக்கு மூதாதை அன்று. மிகத் தொலைவான பங்காளி. இருவருக்கும் பொதுவான முன்னோர் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்தன. அறிவியல் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கூறி அதை மறுப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்கு நெருங்கியது.

வேதம் சொல்வது

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், நம் ஜவ்வாது மலையின்மீதே, வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறந்துவைக்கப்பட்டது. அருகிலுள்ள ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இதைக் கேட்டு நம்மில் யாரும் விசுவாசத்தை இழப்பதில்லை. வானங்கள் தேவனுடைய மகிமையை அறிவிக்கின்றன என்று மகிழ்கிறோம். வானத்தின் வயதைக் கேட்டுத் துதிக்கிற நாம், உயிரின் வயதைக் கேட்டு மட்டும் ஏன் கலங்கவேண்டும்?

ஆதியாகமம் முதல் அதிகாரத்தைக் கூர்ந்து வாசியுங்கள். தேவன் பூமியை நோக்கிக் கட்டளையிடுகிறார். பூமி உயிர்களைப் பிறப்பிக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் மண்ணினால் உருவாக்கப்படுகிறான் (2:7). மிருகங்களும் பறவைகளும் அதே மண்ணினால் உருவாக்கப்படுகின்றன (2:19). எபிரெய மொழியில் மனிதனைக் குறிக்கும் ‘ஆதாம்’ என்ற சொல்லும் நிலத்தைக் குறிக்கும் ‘அதாமா’ என்ற சொல்லும் ஒலியால் இணைந்தவை. உயிருள்ளவன் என்று மனிதனைக் குறிக்க அங்கே பயன்படும் தொடரே முதல் அதிகாரத்தில் மற்ற உயிர்களுக்கும் பயன்படுகிறது. மனிதருக்கும் மிருகங்களுக்கும் சுவாசம் ஒன்று, திரும்பும் இடமும் மண் ஒன்றே என்று பிரசங்கியும் (3:19-20) நினைப்பூட்டுகிறான். மிருகங்களோடு நமக்குள்ள உறவை அறிவியல் நம்மீது சுமத்தவில்லை. வேதம் அதை ஆதியிலேயே அறிக்கையிட்டிருக்கிறது.

ஆதியாகமத்தின் நாட்களை நாம் காணும் நாட்களாகவே கொள்ளவேண்டுமா என்ற வினாவும் டார்வினுக்குப் பின் எழுந்ததன்று. சூரியன் நான்காம் நாளில்தான் தோன்றுகிறது எனும்போது அதற்கு முந்திய மூன்று நாட்கள் எத்தகையவை என்று ஒரிகேனும் அகுஸ்தீனும் அன்றே சிந்தித்தார்கள். இயற்கையைப் பற்றி நன்கறிந்த ஒருவர் முன்னிலையில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் அறியாமை பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை அவர் எவ்வாறு நம்புவார் என்று அகுஸ்தீன் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே வருந்தி எழுதினார். அந்த எச்சரிக்கை இன்று நம் பிள்ளைகளின் பொருட்டு நமக்கே உரியது.

நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர் மிஷனரி பீட்டர் பெர்சிவல். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் பூட், இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையில் பணியாற்றியவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் அதிரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. நமக்கும் முந்திய ஒரு மனித வகை நம் மாநிலத்து ஆற்றங்கரையில் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தது. வேதத்தைத் தமிழாக்கிய கையும் அக்கல்லை முதலில் அடையாளங்கண்ட கையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நாம் மறவாதிருப்போமாக.

எழக்கூடிய கேள்விகள்

‘அப்படியானால் தேவசாயல் எங்கே?’ தேவசாயல் எலும்பின் அமைப்பில் இல்லை. தேவன் நம்மோடு பேசினார். நமக்குப் பெயர் சொல்லி அழைப்புக் கொடுத்தார். தம் சிருஷ்டியைப் பேணும் பொறுப்பை ஒப்படைத்தார். மண்ணிலிருந்து வந்தோம் என்பதனால் அச்சாயல் குறைந்துபோகவில்லை என்றால், மண்ணிலிருந்து நீண்ட வழியாக வந்தோம் என்பதனாலும் அது குறைந்துபோகாது.

‘எல்லாம் தானாக நிகழ்ந்தது என்றால் தேவனுக்கு வேலை என்ன?’ தாயின் கருவில் தேவன் தன்னை உருவாக்கினார் என்று 139-ஆம் சங்கீதத்தில் தாவீது துதிக்கிறான். ஒற்றை உயிரணு பிளவுண்டு பெருகிக் குழந்தையாவதை இன்று மருத்துவர் திரையில் காட்டுகிறார். அதைக் கண்டபின் அச்சங்கீதத்தைப் பாடுவதை நிறுத்திவிட்டோமா? ‘எவ்வாறு’ என்பதற்குக் கிடைத்த விடை, ‘யார்’ என்பதற்குரிய விடையை அகற்றுவதில்லை. கருப்பையில் ஒன்பது மாதங்களாகப் பணிசெய்கிறவர், பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பணிசெய்யத் தடை ஏது?

‘மனிதனுடைய பாவத்துக்கு முன்பே மரணம் இருந்ததா?’ இதுவே கடினமான கேள்வி. எளிதாகக் கடந்துபோக விரும்பேன். ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் பேசுவது மனிதரைப் பற்றியது. தேவனை விட்டுப் பிரிந்த மனிதருக்கு வரும் மரணத்தைப் பற்றியது. 104-ஆம் சங்கீதமோ இரைக்காகக் கெர்ச்சிக்கும் சிங்கக்குட்டிகளைத் தேவனிடத்தில் ஆகாரம் கேட்பவையாகவே காட்டுகிறது. அதைச் சாபத்தின் பட்டியலில் சேர்க்கவில்லை, துதியின் பட்டியலில் சேர்க்கிறது. சிருஷ்டியின் பெருமூச்சை நான் மறுக்கவில்லை. அப்பெருமூச்சுக்கு மறுமொழி சிலுவையிலும் உயிர்த்தெழுதலிலும் இருக்கிறது.

எந்த உறவுக்குக் கூசுகிறோம்?

அன்பானவர்களே, பரிணாமத்தைக் கேட்டவுடன் நமக்குள் எழும் எதிர்ப்பு எப்போதும் வேதத்திலிருந்து எழுவதன்று. ‘குரங்கோடு எனக்கு உறவா?’ என்று கூசும் அந்தக் குரலை நாம் வேறிடத்திலும் கேட்டிருக்கிறோம். பக்கத்துத் தெருவாரோடு உறவா என்று அது கேட்கும். மலைமேல் இருப்பவனுக்குப் பெண் கொடுப்பதா என்று கேட்கும். ஒரே கர்த்தருடைய பந்தியில் அமர்ந்தபின்னும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பும். பிறப்பிலேயே மனிதர் வேறு வேறு என்று சொல்லும் எந்தச் சாதி ஏட்டுக்கும் நம் மரபணுவில் ஆதாரம் இல்லை. சகல ஜாதிகளையும் தேவன் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணினார் என்று அத்தேனே பட்டணத்தில் பவுல் அறிவித்ததும், மனித இனம் முழுவதும் ஒரே கிளை என்று இன்றைய அறிவியல் சொல்வதும் ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன. பரிணாமத்தை எதிர்த்துக் குரலெழுப்பிவிட்டுச் சாதியை மௌனமாகக் காப்பவன், வேதம் அறிவியல் இரண்டையும் ஒருங்கே மறுதலிக்கிறான்.

மத்தேயு தன் சுவிசேஷத்தை ஒரு வம்ச அட்டவணையோடு தொடங்குகிறான். உலகம் மறைக்க விரும்பும் பெயர்கள் அதில் இருக்கின்றன: தாமார், ராகாப், மோவாபியப் பெண் ரூத். நம் ஆண்டவர் தம் முன்னோரைக் குறித்து வெட்கப்படவில்லை. வார்த்தை மாம்சமானார் என்று யோவான் சொல்லும்போது, அம்மாம்சம் வானத்திலிருந்து கொண்டுவந்த தனி மாம்சமன்று, மரியாளிடத்தில் பெற்றது. கனியும் கீரையும் இல்லாவிட்டால் நோயுறும் இந்த உடல், ஒரே மண்ணிலிருந்து நீண்ட வழி நடந்து வந்த இந்த உடல், அதையே அவர் தரித்துக்கொண்டார். அவர் தரித்துக்கொண்டதைக் குறித்து நாம் கூசுவது தகுமோ?

ஆகையால் பெற்றோரே, உங்கள் பிள்ளை அப்பாடத்தோடு வரும்போது நூலை மூடச் சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தையும் அப்பாடத்தையும் சேர்த்து வாசியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆசிரியரிடம் சேர்ந்து கேளுங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு நாள் பிள்ளைகளைப் பாறைக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று, யோபு சொன்னவாறு மிருகங்களைக் கேட்கப் பழக்குங்கள். நம் பிள்ளை தேர்வில் எழுதுவதும், வீட்டில் பேசுவதும், ஆலயத்தில் முழந்தாளிட்டு அறிக்கையிடுவதும் ஒன்றாயிருக்கட்டும். உண்மையின் ஆவியானவரை ஆராதிக்கிறவர்கள் எந்த உண்மைக்கும் அஞ்சவேண்டியதில்லை.

ஜெபம்

வானத்தையும் பூமியையும் உண்டாக்கின எங்கள் பிதாவே, எங்களை மண்ணினால் உருவாக்கினீர். அம்மண்ணின் சகல உயிர்களோடும் எங்களை உறவாக்கினீர். அவ்வுறவைக் குறித்துக் கூசாதபடி எங்கள் பெருமையை நீக்கியருளும். எங்களில் சிறியவர் என்று நாங்கள் எண்ணுகிறவர்களைச் சகோதரராக ஏற்கும் இருதயத்தைத் தாரும். எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கவும், நாங்கள் பொறுமையோடு செவிகொடுக்கவும் கிருபை செய்யும். மாம்சத்தில் வெளிப்பட்ட உம்முடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.